ஏழாம் அத்தியாயம்: ஓவியக் கல்லூரிக்குப் புறப்படுமுன் படிகளை எண்ணுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞனுக்கோ பெண்ணுக்கோ சித்திரத்தில் நாட்டம் உண்டாகி, அந்த நாட்டம் பள்ளிக்கூடத்து வரைபட நோட்டையும் திருவிழாக் காலத்துச் சுவரெழுத்தையும் கடந்து மேலே செல்ல விரும்பும்போது, அவர்கள் மனத்தில் முதலில் எழும் ஸ்தாபனம் சென்னையில் எழும்பூரை அடுத்துப் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரியே ஆகும். 1850ஆம் ஆண்டில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்று, ஹாவெல் போன்ற கலா விமரிசகர்களின் தலைமையைக் கண்டு, 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியை முதல் இந்தியத் தலைவராகப் பெற்று, பின்னர் கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில் ஒரு தனி ஓவிய இயக்கத்துக்கே தாயகமாகி, அவ்வியக்கத்தினர் 1966இல் கடற்கரையோரம் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைக்கக் காரணமாகவும் இருந்த கல்லூரி அது. பிரவேசத் தேர்வு எழுதவும், மாணவர் கண்காட்சி காணவும், உறவுப் பிள்ளை அங்கே படித்தால் ஒரு முறை பார்த்து வரவும் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் உண்டு. அவ்வாறு போகிறவர்களில் சக்கர நாற்காலியில் செல்வோர், ஊன்றுகோலும் காலிப்பரும் கொண்டு நடப்போர், பார்வை இல்லாதோர், காது கேளாதோர், கூட்டத்தையும் ஓசையையும் தாங்க இயலாதோர், இவர்களுக்குத் துணையாகச் செல்வோர் ஆகியோருக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. கும்பகோணத்து அரசு கவின்கலைக் கல்லூரிக்கோ, வேறு எந்த நகரத்து ஓவியப் பள்ளிக்கோ போகிறவர்களுக்கும் இதில் சொல்வன பெரும்பாலும் பொருந்தும்.

போகுமுன் தொலைபேசியில் விசாரிக்கிற வழக்கம் நம்மவரிடம் இப்போது வந்துவிட்டது; ஆனால் விசாரிக்கும் முறைதான் இன்னும் வரவில்லை. "சார், வீல்சேர்ல வர்றோம், உள்ள வர வசதி இருக்குங்களா?" என்று கேட்கிறோம். மறுமுனையில் இருப்பவர் நல்ல மனிதர். "ரெண்டு மூணு படிதான் சார், ஆளுக இருக்காங்க, தூக்கி விட்டுரலாம். தைரியமா வாங்க" என்கிறார். நாமும் நன்றி சொல்லி வைத்துவிடுகிறோம். தமிழ்நாட்டின் எந்தப் பொதுக் கட்டடத்துக்குப் பேசினாலும் ஏறத்தாழ இதே வார்த்தைகளைக் கேட்கலாம். இதில் உள்ள அன்பை நான் ஒருபோதும் குறைவாக மதிக்கமாட்டேன். எனினும், தூக்கி விடுகிறோம் என்பதை ஒரு வசதியாக ஏற்றுக்கொண்டு பிரயாணம் புறப்படலாகாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம்.

காரணங்களைச் சொல்லுகிறேன். மின்கலத்தில் ஓடும் நாற்காலிகளில் பெரும்பாலானவை ஆள் அமராமலே ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். அதில் ஒருவரை வைத்துப் படியேற்ற நால்வர் வேண்டும். நால்வரும் ஒரே கணத்தில் தூக்கி ஒரே கணத்தில் இறக்க வேண்டும். அவர்களில் ஒருவரேனும் நாற்காலியின் கழன்று வரக்கூடிய கைப்பிடியையோ கால்பலகையையோ பற்றித் தூக்கினால், அது கையோடு வந்துவிட, அமர்ந்திருப்பவர் படியில் விழுவார். எலும்பு நொறுங்கும் இயல்புடையவர்களையும், முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவர்களையும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால், அந்த வேளையில் வலி தெரியாமலே பெருந்தீங்கு நேரக்கூடும். பெண்களுக்கோ, அறிமுகமில்லாத ஆடவர் பலர் தம்மைத் தொட்டுத் தூக்குவது எத்தகைய சங்கடம் என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. அந்தச் சங்கடத்தை நினைத்தே வீட்டிலிருந்து வெளிக்கிளம்பாத பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கிவிட ஆள் இருக்கும்போதுதான் உள்ளே போகலாம், தூக்கி இறக்க ஆள் வரும்போதுதான் வெளியே வரலாம் என்ற நிலையில், ஒரு சித்திரத்தின் முன் தன் இஷ்டப்படி அரைமணி நேரம் நிற்கும் சுதந்திரம் ஒருவருக்கு எங்கே கிடைக்கும்?

ஆகையால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வசதி உண்டா என்று கேட்பதை விட்டு, எண்ணிக்கையும் அளவும் கேளுங்கள். பிரதான வாசலில் படிகள் எத்தனை? ஒவ்வொரு படியும் எத்தனை அங்குலம்? பக்கத்தில் சாய்தளம் உண்டா, உண்டானால் அதன் நீளம் என்ன? கதவு முழுதும் திறந்தபின் நிலைக்கு நிலை எத்தனை அங்குலம் இடைவெளி? கண்காட்சி தரைத்தளத்திலா, மாடியிலா? மாடி என்றால் மின்தூக்கி உண்டா, அது இன்று ஓடுகிறதா? சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடப்பதும், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாக மாறிப்போவதும் நம் பொதுக் கட்டடங்களில் சாதாரணம்; சாவி இன்னாரிடம் என்று முன்னமே தெரிந்தால், அவர் மதிய உணவுக்குப் போகுமுன் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அளவு கேட்பதன் பிரயோஜனம் ஒரு சிறு கணக்கால் விளங்கும். மத்திய அரசின் கட்டட வழிகாட்டு நெறிகள் சாய்தளத்துக்கு விதித்திருப்பது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதம். அதாவது, ஓர் அங்குலம் உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிகள் இரண்டு இருந்தால் உயரம் ஓர் அடி. அதற்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம் அவசியம். "பலகை போட்டிருக்கோம்" என்று அவர்கள் சொல்லும் பலகை நான்கடி நீளமே உள்ளதென்றால், அது ஒன்றுக்கு நான்கு என்ற செங்குத்தாகிவிடும். அதில் நாற்காலி பின்புறமாகக் குடைசாயும். வேறு வழியே இல்லாமல் செங்குத்தான சரிவில் இறங்க நேர்ந்தால், நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இறக்குங்கள். துணையாள் கீழ்ப்பக்கம் நின்று தாங்கிக்கொண்டே வரவேண்டும். கதவுக்கு 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருப்பது முறை. உங்கள் நாற்காலியின் அகலத்தை, சக்கரத்தின் புறவளையத்தையும் கைமுட்டி இடிக்காமல் தள்ளுவதற்கான இடத்தையும் சேர்த்து, வீட்டிலேயே இஞ்சு டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இஞ்சு டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கட்டடங்கள் மழைநீருக்கு அஞ்சி உயர்ந்த அடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்டவை. அவற்றில் படிகள் இருப்பது இயல்பே. பழமை வாய்ந்த கட்டடம் ஆகையால் கை வைக்க முடியாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பழமையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் கழற்றி மாட்டக்கூடிய மரச் சாய்தளமோ இரும்புச் சாய்தளமோ எந்தப் பழஞ்சுவரையும் சிதைப்பதில்லை. சட்டமும் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், புதிய கட்டடங்களோடு நில்லாமல், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று கட்டளையிட்டது; விதிகள் 2017 ஜூனில் வெளியாயின; எனவே அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிகள் வெறும் சிபாரிசாக இருத்தல் போதாது, கட்டாய விதிகளாகவே வகுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் கேட்பது உபகாரம் அன்று. ஆகவே மன்னிப்புக் கேட்கும் குரலில் கேட்க வேண்டாம். சண்டைக் குரலும் வேண்டாம்.

தொலைபேசியோடு நிறுத்தாமல் ஒரு கடிதமும் எழுதுவது நல்லது. பத்து நாள் முன்னதாகக் கல்லூரி முதல்வர் பெயருக்கு, பின்வரும் வகையில் எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். நான் தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்தவள். தங்கள் கல்லூரி மாணவர் கண்காட்சியைக் காண வரும் வெள்ளிக்கிழமை முற்பகலில் வர விரும்புகிறேன். நான் 27 அங்குல அகலமுள்ள சக்கர நாற்காலியில் வருவேன், படியேற இயலாது, என்னைத் தூக்கி ஏற்றுவதும் மருத்துவ காரணத்தால் கூடாது. கண்காட்சிக் கூடத்தின் வாசலில் உள்ள படிகளின் எண்ணிக்கையையும், சாய்தளம் உள்ள வாசலையும், எனக்கு உரிய கழிப்பறை இருக்குமிடத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். மாடியில் உள்ள படைப்புகளைத் தரைத்தளத்தில் காணவோ, அவற்றின் புகைப்படங்களைக் காணவோ ஏற்பாடு செய்ய இயலுமாயின் பேருதவியாகும். என்னுடன் என் சித்தி வருவார். வாகனத்தை உள்ளே கொண்டுவர அனுமதி வேண்டும்."

இந்தக் கடிதத்தில் நோயின் சரித்திரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எப்போது, எப்படி ஆயிற்று என்பதெல்லாம் முதல்வருக்கு வேண்டாத செய்தி. அவருக்கு வேண்டியது 27 அங்குலம் என்பதுதான். கடிதத்தின் நகல் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வாசற் காவலரிடம் அதைக் காட்டினால் பாதி விளக்கம் மிச்சமாகும்.

பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடலூரிலிருந்தோ கம்பத்திலிருந்தோ சென்னைக்கு நேரே செல்லும் இரவுப் பேருந்துகள் பல உண்டு. ஆனால் உயர்ந்த படி, குறுகிய நடை, இடையில் நிறுத்தும் உணவகத்தில் நான்கு படி ஏறி அடையும் குத்துக்கால் கழிப்பறை ஆகிய மூன்றும் சேர்ந்து, நடக்க இயலாதவருக்கு அந்த இரவைத் துன்பமாக்கிவிடும். வழியில் கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று அஞ்சி முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் பெண்களிடம் வேரூன்றியிருக்கிறது. அது சிறுநீர்த் தொற்றுக்கு நேர்வழி. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கோ அபாயமே ஆகும். ரயிலே உத்தமம். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 முடிவில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் ரயில் வந்துவிட்டது. சென்னை சென்ட்ரலுக்கு நேரே செல்லும் இரவு ரயில் வாரத்தில் மூன்று நாள் தேனி வழியாகப் போகிறது. மற்ற நாட்களில் மதுரை சென்று பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் சேரலாம். கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆகையால், ரயில் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னதாகவே ஒரு வாடகைக் காரில் புறப்படுங்கள். தேனி நிலையத்தில் ரயில் நிற்பது சில நிமிஷங்களே. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பெரும்பாலும் ரயிலின் கடைசியிலோ முதலிலோ இருக்கும். எந்தப் பக்கம் என்று நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு அங்கே போய்க் காத்திருப்பது அவசியம்.

கட்டணச் சலுகை உண்டு. துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாத கை கால் பாதிப்புடையோருக்கும், பார்வையை முற்றும் இழந்தோருக்கும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் முக்கால் பங்கு கட்டணம் தள்ளுபடி. கேட்கவும் பேசவும் இயலாதோருக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதி. துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. இதற்கு ரயில்வே தரும் தனி அடையாள அட்டை வேண்டும். அதைப் பெறச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். அதற்கும் முன்னால் வேண்டியது ஊனத்தின் சதவிகிதம் குறித்த மருத்துவச் சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரித்தால் வழி சொல்வார்கள். சென்னையில் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் இடையே கல்லூரி மிகத் தொலைவில் இல்லை. மெட்ரோ ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. மாநகரப் பேருந்துகளில் சாய்பலகை இறங்கும் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டு முதல் ஓடுகின்றன. ஆயினும் முதன்முறை செல்வோர் ஆட்டோவிலோ காரிலோ வாசல் வரை செல்வதே மேல்.

சேர்க்கைக் காலம் கோடையை ஒட்டி வருவது வழக்கம். மேற்குமலைக் காற்றில் பழகிய நமக்குச் சென்னை வெயில் கடுமை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ் வியர்க்காது ஆகையால் உடற்சூடு விரைவில் ஏறிவிடும். ஈரத் துண்டும் தண்ணீர் தெளிக்கும் குப்பியும் கொண்டு செல்க.

இனிக் கலையைக் காண்பதைப் பற்றி. படிகளைக் கடந்து உள்ளே போய்விட்டால் அணுகல் முடிந்துவிட்டது என்று நினைப்பது பெரும் பிழை. பார்வை இல்லாதவர் ஓவியக் கல்லூரிக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. சாந்திநிகேதனத்தின் வினோத பிகாரி முகர்ஜி, பிறவியிலேயே குறைந்த பார்வையோடு ஓவியரானவர். 1956இல் கண் அறுவைச் சிகிச்சைக்குப்பின் பார்வையை முற்றும் இழந்த பிறகும், காகிதத்தை வெட்டி ஒட்டியும், களிமண்ணில் உருவம் பிடித்தும், ஓடு பதித்த பெருஞ்சுவர்ச் சித்திரம் அமைத்தும் கலைத் தொண்டைத் தொடர்ந்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார். கேள்வி கேட்பவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதிய மறுமொழி.

அருங்காட்சியகத்தில் தொடுதல் கூடாது என்பது நியாயமான விதி. ஓவியக் கல்லூரியோ செய்யும் இடம். அங்கே தொடத்தக்கவை ஏராளம். சிற்பப் பகுதியில் ஈரக் களிமண்ணும், காய்ந்த பிளாஸ்டரும், உளி பட்ட கல்லும். பீங்கான் பகுதியில் சுடுமுன் ஒரு தன்மையும் சுட்டபின் வேறு தன்மையும் கொண்ட மண். அச்சுப் பகுதியில் செதுக்கிய மரக்கட்டை. நெசவுப் பகுதியில் பாவும் ஊடும். ஒரு மரக்கட்டையின் மேல் விரலை ஓட்டி, எது மேடு, எது பள்ளம், மை எதில் ஒட்டும் என்று உணர்ந்தவருக்கு அச்சுச் சித்திரத்தின் மர்மம் பாதி விளங்கிவிட்டது. எனவே கடிதத்தில், இன்ன பகுதிகளில் தொட்டுப் பார்க்க அனுமதியும், விளக்கிச் சொல்ல ஒரு மாணவரும் வேண்டும் என்று எழுதுங்கள். வருணிப்பவரிடம், அழகாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம் என்றும், முதலில் அளவு, பிறகு இடமிருந்து வலமாக என்ன இருக்கிறது, பிறகு நிறம், பிறகு கோடு என்ற வரிசையில் சொல்லுமாறும் கேட்டுக்கொள்ளலாம். கையால் பற்றி இழுத்துச் செல்லாமல், தம் முழங்கையைப் பற்றிக்கொள்ளக் கொடுக்கும்படி துணைவரிடம் சொல்லுங்கள்.

காது கேளாதோருக்குச் சித்திரம் தடையில்லாதது என்று எண்ணுவது இயல்பு. எட்டு வயதளவில் கேள்விப் புலனை இழந்த சதீஷ் குஜ்ரால் லாகூரிலும் பம்பாயிலும் ஓவியப் பள்ளிகளில் பயின்று, 1952இல் மெக்சிகோ சென்று தியேகோ ரிவேராவிடம் கற்று, நாடறிந்த ஓவியராகவும் கட்டடக் கலைஞராகவும் விளங்கினார். ஆனால் கல்லூரிச் சுற்றிக்காட்டலில் பேச்சே பெரும்பங்கு. ஆகவே சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்னமே கேளுங்கள். கிடைக்காவிட்டால், விளக்கம் சொல்பவர் முகத்தில் வெளிச்சம் விழ நின்று பேசவும், முக்கியமானவற்றை எழுதிக் காட்டவும் கோரலாம். செய்து காட்டிக்கொண்டே பேசும் ஆசிரியரிடம் ஒரு சிறு வேண்டுகோள்: ஒரே சமயத்தில் கையையும் உதட்டையும் பார்க்க முடியாது, செய்து முடித்துவிட்டு நிமிர்ந்து சொல்லட்டும்.

ஓசையும் வாசனையும் தாங்காதவர்களுக்கும், வலிப்பு நோய் உடையவர்களுக்கும், மூச்சிரைப்பு உடையவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சிற்பப் பட்டறையில் கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் தூசியும், வெல்டிங் ஒளிவீச்சும், வண்ணப் பகுதியில் டர்பன்டைன் வாடையும் இருக்கும். வேலை நடக்காத நேரம் எது என்று கேட்டு, அந்த நேரத்தில் போங்கள். கண்காட்சியின் திறப்பு விழா அன்று போவதைத் தவிர்த்து, மறுநாள் காலையில் போங்கள்.

பிரவேசத் தேர்வுக்குச் செல்கிறவர்கள் கூடுதலாகச் சிலவற்றை அறிய வேண்டும். 40 சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்களுக்கு அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 சதவிகித இடத்துக்குக் குறையாத ஒதுக்கீடும், வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் சட்டம் தந்திருக்கிறது. எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் என்பது 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த நெறி. ஆனால் வரைதல் தேர்வில் பதிலெழுத்தருக்கு இடமில்லை. சோதிக்கப்படுவது தேர்வு எழுதுபவரின் கையே. அங்கே கேட்க வேண்டியது இருக்கையைப் பற்றி. மாணவர்கள் 'டாங்கி' என்று அழைக்கும் தாழ்ந்த பலகை இருக்கையில் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, முன்னே பலகையைச் சாய்த்து வரைவது ஓவியப் பள்ளிகளில் வழக்கம். காலிப்பர் அணிந்தவரால் அப்படி உட்கார முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நின்று வரையும் ஈஸல் உயரம் எட்டாது. முழங்கால் உள்ளே நுழையும் மேசை ஒன்றும், அதன்மேல் சாய்த்து வைக்கும் பலகையும், மாதிரிப் பொருளை மறைப்பின்றிக் காணத்தக்க முன்வரிசை இடமும் வேண்டும் என்று விண்ணப்பத்தோடேயே எழுதிக் கேளுங்கள். தேர்வு நாள் காலையில் கேட்டால், மனமிருந்தும் அவர்களால் மேசை தேட முடியாது.

நேரம் மிஞ்சினால், ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை மெரீனாவில் கண்டு வரலாம்; 1959இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் சாலையோர நடைபாதையிலிருந்தே நன்றாகக் காணலாம். கடலலை வரை செல்ல மெரீனாவில் 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று அமைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, பிறகு செப்பனிட்டார்கள். புயல், பெருமழைக்குப் பின் செல்வோர் பாதையின் நிலையை விசாரித்துச் செல்க.

துணையாக வருவோருக்கு ஒரு வார்த்தை. நாற்காலியில் இருப்பவரை விட்டு, தள்ளுகிறவரிடமே எல்லாரும் பேசுவார்கள்: "அண்ணே, தம்பிக்குத் தண்ணி வேணுமா?" அப்போது விடையளிக்காமல், தம்பியின் முகத்தைப் பாருங்கள், கேட்டவரும் அங்கே திரும்பிவிடுவார்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே முதல்வருக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். உதவியவர்களுக்கு நன்றியை முதலில் சொல்லி, பிறகு நீங்கள் அளந்தவற்றை எழுதுங்கள்: இன்ன கூடத்தின் வாசலில் இத்தனை படி, உயரம் இத்தனை அங்குலம், இதற்கு இத்தனை அடி சாய்தளம் வேண்டும், கழிப்பறைக் கதவின் இடைவெளி இத்தனை, எனது நாற்காலி இத்தனை. புகைப்படம் இருந்தால் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தின் நகலையும் ஒப்புகைச் சீட்டின் நகலையும் இணைத்துச் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்பலாம்; மனுவில் சட்டத்தின் 45ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்.